அம்மா தண்ணீர் குடிக்காமல் பார்த்த கொலோன்

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருந்த இரண்டு நாளும் அம்மா தண்ணீர் குடிக்கவில்லை. வாயை மட்டும் நனைத்துக்கொண்டார். ஜூலை மாதம், கொளுத்துகிற வெயில். அம்மாவுக்கு வயது 67, சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை வேறு. நான் பாட்டிலை நீட்டும்போதெல்லாம் கையைத் தள்ளிவிட்டார். “வேணாம்டி. இப்பக் குடிச்சா அப்புறம் எங்க போறது?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனதுதான் என் கோபம். ஊர் திரும்பிப் பத்து நாளாகிறது, இன்னும் அடங்கவில்லை.

நான் வசிக்கிற ஸ்டுட்கார்ட்டில் இருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரப் பயணம். சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். எங்கள் பெட்டியின் கழிப்பறைக் கதவில் ‘டிஃபெக்ட்’ என்று தாள் ஒட்டியிருந்தது, அதாவது பழுது. அடுத்த பெட்டியில் வரிசை. ஓடுகிற ரயிலில் கைத்தடியோடு அம்மாவால் நிற்க முடியவில்லை, இருக்கைக்குத் திரும்பிவிட்டார். சரி, ஸ்டேஷனில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

ஸ்டேஷன் கழிப்பறையில் முதலில் கண்ணில் பட்டது காசு போடுகிற இயந்திரமும் அதையொட்டிய தடுப்புக் கம்பியும்தான். ஒருவருக்கு 1 யூரோ. என்னிடம் 20 யூரோ நோட்டு இருந்தது, சில்லறை இல்லை. வங்கி அட்டையைக் காட்டிக் காசு கட்டும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். எதிர்க்கடைக்கு ஓடி, எனக்கு வேண்டாத ஒரு ரொட்டியை வாங்கி, சில்லறையோடு திரும்பி வந்தேன். அப்புறம் கைத்தடி கம்பியில் மாட்டிக்கொண்டது. 67 வயதுப் பெண்மணி ஒண்ணுக்குப் போக இத்தனை பாடா?

ஒரு யூரோ பெரிய தொகையா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தொகையைப் பற்றி நான் பேசவே இல்லை. நீர் மாத்திரை போட்டவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நாணயம் தேட வேண்டும், இடம் தேட வேண்டும், திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நாளில் நாங்கள் பார்த்த ஊரின் வரைபடத்தை எங்கள் விருப்பம் போடவில்லை, கழிப்பறைகள்தான் போட்டன.

அம்மா வந்தது அந்தப் பெரிய தேவாலயத்தைப் பார்க்கத்தான். தஞ்சாவூர்க்காரர். கோயில் என்றால் தலை நிமிர்ந்து விமானத்தைப் பார்த்து வளர்ந்தவர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் 157 மீட்டர் உயரத்தில் இரட்டைக் கோபுரம் கண்முன்னே நின்றது. அம்மா அப்படியே நின்றுவிட்டார். 1248-ல் தொடங்கி, நடுவில் ஏறக்குறைய முந்நூறு வருடம் வேலை நின்று, 1880-ல் முடித்தார்கள் என்று சொன்னேன். “அறுநூறு வருஷத்துக்கு மேலயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்க்கிறவர். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்ததாகச் சொல்லும் மூன்று ராஜாக்களின் தங்கப் பேழைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்காருவார் என்று நினைத்திருந்தேன். ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 72 நிறங்களில் ஆயிரக்கணக்கான கண்ணாடிச் சதுரங்களால் வடிவமைத்த ஜன்னலை, வெயில் அதில் விழும் நேரம் பார்த்துக் காட்டவும் ஆசைப்பட்டேன். பேழைக்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்தோம். “போலாம்டி” என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

சனிக்கிழமையாவது கடைகள் திறந்திருந்தன. பெரிய துணிக்கடையின் நான்காவது மாடியில் கழிப்பறை இருந்தது, ஒருவழியாகச் சமாளித்தோம். ஞாயிற்றுக்கிழமை அதுவும் போயிற்று. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வுநாள். 1919-ன் வைமார் அரசியல் சாசனத்தில் எழுதியது, இன்றைய சாசனமான அடிப்படைச் சட்டத்தின் 140-வது பிரிவு வழியாக அப்படியே தொடர்கிறது. கடை ஊழியர்களுக்கு ஒரு நாள் விடுப்பு கிடைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன், நல்ல சட்டம். ஆனால் கடைகளை மூடும்போது நகரத்தின் பாதிக் கழிப்பறைகளும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. சுற்றுலாவுக்கு ஆட்கள் குவிவதே சனி ஞாயிறில்தானே? அதை யோசிக்க யாருமே இல்லையா?

மிச்சமிருந்தது காபிக் கடைகள். ‘நூர் ஃப்யூர் கெஸ்டே’ என்று பலகை, வாடிக்கையாளர்களுக்கு மட்டும். சரி, வாடிக்கையாளராவோம் என்று காபி வாங்கினோம். அம்மா போய்விட்டு வந்தார். காசு கொடுத்ததை வீணாக்க மனம் வராமல் பாதிக் காபியைக் குடித்தார். முக்கால் மணி நேரத்தில் மறுபடி அவசரம். அடுத்த கடையில், “அம்மாவுக்கு மட்டும், காசு கொடுத்துவிடுகிறேன்” என்று ஜெர்மனிலேயே கேட்டேன். முடியாது என்றார்கள். அதற்கு மேல் நான் அங்கே பேசியதை இங்கே எழுத முடியாது.

இது பீர் ஊற்றியே பேர் வாங்கிய ஊர். கோல்ஷ் என்கிற அவர்களுடைய பீரை 0.2 லிட்டர் கண்ணாடிக் குவளையில் தருவார்கள். குவளையின் மேல் அட்டையை வைத்துப் போதும் என்று காட்டும்வரை பரிமாறுகிறவர் அடுத்தது, அடுத்தது என்று கொண்டுவந்துகொண்டே இருப்பார். இத்தனை குடிக்கிற ஊரில் குடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? ஞாயிறு மதியம் ரைன் நதிக்கரையில் ஹோஹென்சோலர்ன் பாலத்துக்குக் கீழே நடந்தபோது தெரிந்தது. ஆண்கள் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அந்த நிமிடம் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. மற்றவர்களை மூக்கைப் பிடிக்க வைத்துவிட்டு ஒருவன் அவன் பாட்டுக்குப் போகிறான், ஒழுங்காக ஓர் இடம் தேடுகிற வயதான பெண்ணுக்கு வழி இல்லை.

இதனால் அவர்களுக்கும் நஷ்டம்தான். உல்ம் நகரத்துத் தேவாலயத்தின் அடிக்கற்கள் சிறுநீரால் அரித்துப்போகின்றன என்று 2016-ல் செய்தி வந்தது. 161.5 மீட்டர் கோபுரத்தோடு தலைநிமிர்ந்து நிற்கிற தேவாலயம் அது. ஹாம்பர்க்கின் சாங்க்ட் பவுலி பகுதியில் 2015-ல் சுவர்களுக்குத் தண்ணீர் ஒட்டாத பூச்சு அடித்தார்கள். யாராவது நனைத்தால் அவர் மேலேயே திருப்பித் தெறிக்கும். சுவரைக் காப்பாற்றக் காசு இருக்கிறது, மூளை இருக்கிறது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு கதவு வைக்க மட்டும் மனசு வரமாட்டேன் என்கிறது.

பெர்லினில் பல வருடமாக ஆண்கள் நின்று போகிற இடம் இலவசம், அறைக்குள் போனால் 50 சென்ட் என்று இருந்தது. உட்கார்ந்தே ஆக வேண்டியவர்கள் யார்? பெண்கள், முதியவர்கள், முடியாதவர்கள். பணம் கட்ட வேண்டியிருந்ததும் இவர்களேதான். 2024-ல் அந்த நகரம் நூற்றுச் சொச்சக் கழிப்பறைகளை இலவசமாக்கிப் பார்த்தது. அங்கே முடிகிறது என்றால் மற்ற ஊர்களில் ஏன் முடியாது?

தண்ணீர் விஷயத்தில் இதே நாடு ஒழுங்காக யோசித்திருக்கிறது. பொது இடங்களில் குடிநீர் கிடைக்கச் செய்வது உள்ளாட்சிகளின் பொறுப்பு என்று 2023-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். குடித்த தண்ணீர் உடம்புக்குள்ளேயே தங்கிவிடுமா? அடுத்த வரியை யார் எழுதுவது?

மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பொதுச்சாவி உண்டு. 1986-ல் டார்ம்ஸ்டட்டில் தொடங்கியது, இன்று ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான கழிப்பறைகளை அந்த ஒரே சாவியால் திறக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அதை வாங்கத் தகுதியைக் காட்டும் சான்று வேண்டும். மூன்று மாத விசாவில் வந்த தஞ்சாவூர் அம்மாவுக்கு யார் சான்று தருவது? ஆலன் என்ற சின்ன ஊரில் தொடங்கிய இன்னொரு ஏற்பாட்டின் பெயர் ‘நெட்டே டோய்லெட்டே’, அன்பான கழிப்பறை என்று சொல்லலாம். கடைக்காரர்கள் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, எதுவும் வாங்காதவர்களையும் உள்ளே விடுவார்கள், நகராட்சி அவர்களுக்குப் பராமரிப்புப் பணம் கொடுக்கும். நாங்கள் நடந்த தெருக்களில் ஒவ்வொரு வாசலாக அந்த ஸ்டிக்கரைத் தேடினேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நம் ஊரில் மட்டும் வாழ்கிறதா என்று கேட்பீர்கள், தெரியும். வாழவில்லை. நம் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறையைப் பற்றி என்னைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறுகிற நாளில் முந்தின ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவார். என்னையும் அப்படித்தான் பழக்கினார். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு இருந்த பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்? அந்தப் பழக்கத்தை அம்மா ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தும் விட முடியவில்லை என்பதுதான் என்னைக் குமைய வைக்கிறது. இங்கேயாவது மனசு விட்டுத் தண்ணீர் குடிக்கட்டும் என்றுதானே அழைத்து வந்தேன்?

திங்கட்கிழமை ராத்திரி அம்மாவுக்குக் குளிர் நடுக்கம். செவ்வாய் காலை டாக்டர் பார்த்துவிட்டு நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று என்றார். ஐந்து நாள் மாத்திரை. “தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க” என்று என்னிடம் சொன்னார்.

கொலோன் விடுதியில் கொடுத்த சுற்றுலா வரைபடம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. தேவாலயங்கள், பாலங்கள், அருங்காட்சியகங்கள், சாக்லேட் கடை, படகுத்துறை எல்லாம் வண்ண வண்ணமாகக் குறித்திருக்கிறார்கள். கழிப்பறை ஒன்றுகூட இல்லை. அதை ஸ்கேன் செய்து, நாங்கள் தேடி அலைந்த இடங்களையும், எது எத்தனை மணிக்கு மூடியிருந்தது என்பதையும் சிவப்புப் பேனாவால் குறித்து, நகர நிர்வாகத்துக்கு நேற்று அனுப்பிவிட்டேன். எல்லாக் கழிப்பறைகளையும் ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு வரைபடத்தில் போடுங்கள், தேவாலயத்தைச் சுற்றி நாணயம் இல்லாமல் திறக்கிற கதவுகள் வையுங்கள் என்று இரண்டே கோரிக்கை. பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி அனுப்புவேன். அம்மா செப்டம்பர் வரை இங்கேதான் இருக்கிறார். அந்த ஜன்னலை அவர் இன்னும் பார்க்கவில்லை.