வாயக் கட்டுற ஊருதான் ரோம் வரைக்கும் போச்சு

ஆஸ்ட்ரிக்ஸ் காமிக்ஸ் படிச்சவங்களுக்கு காக்கோஃபோனிக்ஸத் தெரியும். 1959ல கோசினியும் உதெர்ஸோவும் உருவாக்குன அந்தக் கதை, ரோமானியப் படைக்கு அடங்காத ஒரு சின்ன ஊரப் பத்துனது. அதுல இவன் ஊர்ப் பாட்டுக்காரன். மரத்து மேல குடிசை, கையில யாழ், தன்னை மாதிரி பாட ஆளே இல்லங்கிற நம்பிக்கை. வாயத் தொறந்தா கொல்லன் சுத்தியலோட வந்து நிப்பான். முக்காவாசி கதை முடியுறப்ப ஊரே ராத்திரி விருந்துல பன்னிக்கறி சாப்பிட்டுட்டு இருக்கும், இவன் வாயக் கட்டி ஓரமாப் போட்டிருப்பாங்க. அதுவும் கடக்கரை ஊருதான், மீன் நாறுதுன்னு ஒருத்தர் சொன்னாப் போதும் ஊரே அடிச்சுக்கும். பாம்பன்ல பொறந்த எனக்கு அது வெளிநாட்டுக் கதையாவே தெரியல.

எங்க தெருவுலயும் ஒரு மாமா இருக்காரு. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகெல்லாம் கரையில கெடக்கும், ஆம்பளைங்க நெழலப் பாத்து ஒக்காந்து வலை பொத்திட்டு இருப்பாங்க, அப்பத்தான் அவருக்குப் பாட்டு வரும். சுதி ஒரு பக்கம் போகும் இவரு ஒரு பக்கம் போவாரு. "யோவ் மச்சான், மீனெல்லாம் இலங்கைப் பக்கம் ஓடிரும்யா"ன்னு கத்துவாங்க. அவரு சிரிச்சுட்டே அடுத்த பாட்டுக்குப் போயிருவாரு. கோயில் திருவிழாவுல அவரு மேடைப் பக்கம் நடந்தாலே மைக்செட்டுக்காரப் பையன் வயரப் புடுங்கிருவான்.

போன வருசம் வெளியூர்ல ஒரு கல்யாணம். அவரு பாடிட்டு இருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒருத்தன் மைக்கப் புடுங்கிட்டான், நாலு பேரு போன்ல வீடியோ எடுத்துச் சிரிக்கிறாங்க. வயரப் புடுங்குற அதே பையன்தான் மொதல்ல எந்திரிச்சான். பின்னாடியே எங்க பந்தி மொத்தமும் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வெளிய வந்துருச்சு. மாமா மட்டும் "ஏன்டா, சாப்புட்டு வாங்கடா"ன்னு கெஞ்சிட்டு நிக்கிறாரு.

காக்கோஃபோனிக்ஸ் கதையும் இதேதான். 1964ல வந்த கிளாடியேட்டர் கதையில ரோமானியங்க அவனத் தூக்கிட்டுப் போயி சீசருக்குப் பரிசா அனுப்பிருவாங்க. விட்டுச்சு சனியன்னு ஊரு ஒக்காரல, ரோமானிய முகாமையே அடிச்சு நொறுக்குது, அங்க அவன் இல்லன்னதும் ஊரு வீரனுங்க ஆஸ்ட்ரிக்ஸும் ஒபீலிக்ஸும் ரோமுக்கே போயி கூட்டிட்டு வாராங்க. இன்னொரு கதையில ரோமானியங்க கட்டுன அடுக்குமாடி வீட்டுலருந்து அவனத் தொரத்திட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஊரே கொதிச்சுப் போயி கட்டடத்தையே இடிச்சுப் போட்டுருது. இவனப் பாட விடாம அடிக்கிறதும் அதே ஊருக்காரங்கதான்.

இப்ப அந்தக் கல்யாண வீடியோ இன்னும் குரூப் குரூப்பா சுத்துது, மேல சிரிப்புப் பொம்மை போட்டு. பாட்டு நல்லால்லன்னு எங்களுக்குத் தெரியாதா? ஆனா அவரு படகு வர லேட்டானா பாலத்துக்கிட்ட போயி நின்னு கடலப் பாக்குறது நாங்க. கேலி பண்ண எங்களுக்கு உரிமை இருக்கு, யாருன்னே தெரியாம ஃபார்வேர்டு பண்றவனுக்கு என்ன இருக்கு? தயவுசெஞ்சு அழிச்சுருங்க.

1987ல வந்த கதையில இந்தியாவுல மழை இல்லன்னு காக்கோஃபோனிக்ஸ பறக்குற கம்பளத்துல கூட்டிட்டு வருவாங்க, அவன் பாடுனா மழை கொட்டும். தண்ணியில்லாக் காடுன்னு பேரு வாங்குன ராமநாதபுரத்துக்காரன் நான், அந்தப் பக்கத்தப் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

கல்யாணத்துக்கு அப்புறம் மாமா பாடவே இல்ல. இந்தத் தடைக்காலத்துல வலை பொத்துற எடம் சத்தமே இல்லாமக் கெடந்துச்சு. திருவிழாவுக்கு இன்னும் பத்து நாளு இருக்கு, மைக்செட்டுப் பையன் நேத்து அவரு வீட்டு வாசல்ல போயி ஒக்காந்துட்டான், "மாமா, ஒரு பாட்டு, வயரத் தொட மாட்டேன்"னு.