மிரர் அடிச்சா முடிஞ்சுதுன்னு சொல்றவங்களுக்கு

நேத்து மீட்டிங்ல நடந்தது நம்ம கும்மிடிப்பூண்டி ஆளுங்க பாதி பேருக்குத் தெரியும், திரும்ப முழுசா எழுதல. கம்ப்யூட்டர்ல பார்ட் வரையிற என்னைப் பாத்து "எல்.ஹெச் (இடது பக்க) பிராக்கெட் ரெடின்னா ஆர்.ஹெச்சுக்கு (வலது பக்கத்துக்கு) எதுக்கு ஒரு நாள், மிரர் அடிச்சா முடிஞ்சுது"ன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டாங்க. மிரர் அடிக்கிறது, அதாவது ஒரு பார்ட்டைக் கண்ணாடி பிம்பமாத் திருப்பி எடுக்கிறது, ஒரு கிளிக்தான், யாரு இல்லன்னா? ஆனா அடிச்சா வர்றது எடிட் பண்ற பார்ட் இல்ல. இதைத்தான் நான் கத்திக்கிட்டே இருக்கேன்.

சாலிட்வொர்க்ஸ்ங்கிற டிசைன் சாஃப்ட்வேர்ல மிரர் பார்ட் குடுத்துட்டு புது ஃபைலோட ஃபீச்சர் ட்ரீயை, அதாவது பார்ட்டை எந்தெந்த ஸ்டெப்ல கட்டினோம்ங்கிற லிஸ்ட்டைப் பாருங்க. ஒரிஜினல்ல ஸ்கெட்ச், ஃபிளேஞ்ச் (மடிச்ச ஓரம்), ஹோல்னு வரிசையா இருந்ததெல்லாம் இங்க ஒரே வரியா நிக்கும். 9 மி.மீ ஹோலை 11 ஆக்கணும்னா தொடுறதுக்கு டைமென்ஷனே கிடையாது. ஒரிஜினல்ல மாத்தினா ரெண்டு பக்கமும் மாறிடும். ஆர்.ஹெச்ல மட்டும் பெருசாக்க மேல ஒரு கட் போடலாம், சரி, அந்த ஹோலே வேணாம்னா? மூடித்தான் ஆகணும். அப்புறம் கஸ்டமர் ஒரிஜினல்ல ஒரு ஃபிளேஞ்சை மாத்துவாரு, நான் மேல போட்ட ஸ்கெட்ச் பிடிச்சிருந்த எட்ஜ் காணாம போயி ட்ரீ பூரா எர்ரர் வந்து நிக்கும், அதையும் நான்தான் உக்காந்து சரி பண்ணணும்.

"ஒரிஜினலோட இருக்கிற லிங்க்கை பிரேக் பண்ணிக்கலாமே"ம்பாங்க. பண்ணலாம், ஃபீச்சரெல்லாம் கூட வரும். க்ரியோன்னு இன்னொரு சாஃப்ட்வேர்ல ஜியாமெட்ரி (வெறும் வடிவம்) மட்டும் போதுமா, ஃபீச்சரோட வேணுமான்னே கேக்கும். ஆனா ஃபீச்சரோட பிரிச்சுட்டா அது ரெண்டு தனி பார்ட். ஒவ்வொரு இ.சி.என்னுக்கும் (டிசைனை மாத்தச் சொல்லி வர்ற நோட்டீஸுக்கும்) வேலை ரெண்டு. ஒண்ணுல மாத்தி இன்னொண்ணுல விட்டா ஸ்கிராப்.

தடா பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஃபிக்ஸ்ச்சர் பீஸ் (வேலை செய்யும்போது பார்ட்டைப் பிடிச்சு வைக்கிறது) 3டி பிரிண்ட் ஆகி ஃப்ளோருக்கு வந்துச்சு. த்ரெட்டை (போல்ட் ஏறுற மரையை) மாடல்லயே வெட்டி யாரோ மிரர் பண்ணி அனுப்பியிருந்தாங்க. சூளூர்பேட்டைக்கார ஃபிட்டர் அண்ணன் எம்12 போல்ட்டை வச்சுத் திருகுறாரு, திருகுறாரு, ஏறவே மாட்டேங்குது. வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு "தம்பி, இது ரிவர்ஸ் த்ரெட்டு ரா"ன்னாரு. பக்கத்துல பார்ட் நம்பரும் தலைகீழ் எழுத்தா இருந்துச்சு. சாஃப்ட்வேர் மேல தப்பே இல்ல, கண்ணாடில வலம்புரி இடம்புரியாத்தான் தெரியும். ஆனா ஏச்சு வாங்கினது அந்த அண்ணன்.

"ஷீட் மெட்டல்தானே, பிளாங்கை (வளைக்கிறதுக்கு முன்னாடி வெட்டின தகட்டை) திருப்பிப் போட்டு வளை"ன்னும் ஒருத்தர் சொன்னாரு. வெறும் தகடுன்னா செய்யலாம். ஒரு பக்கம் கவுண்டர்சிங்க் (ஸ்க்ரூ தலை உள்ள உக்கார்ற பள்ளம்) இருந்தா, ஒரு பக்கம் மட்டும் பிரஷ் ஃபினிஷ் (கோடு கோடா பாலிஷ்) போட்ட ஸ்டீலா இருந்தா எப்படித் திருப்புவீங்க?

எனக்கு வலிக்கிறது டைம் குறைச்சது கூட இல்ல. "சிஸ்டம் முன்னாடி உக்காந்துட்டு இழுக்குறாங்க"ன்னு சொன்னீங்க பாருங்க, அது. ஒரு ஹோல் தப்பினா லேசர் கட்டிங்ல இருந்து வெல்டிங் வரைக்கும் எல்லாரும் தேடி வர்றது என்னைத்தான், அப்ப மட்டும் ஒரு கிளிக் வேலைன்னு யாரும் சொல்றதில்ல.

அந்த ஆர்.ஹெச்சுக்கு நான் கேட்ட ஒரு நாளைக் குறைக்கணுமா? ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் தனியா மாறாதுன்னு கஸ்டமர்கிட்ட எழுதி வாங்கிக் குடுங்க. அன்னிக்கே மிரர் அடிச்சுத் தர்றேன்.