மெஷினை வாங்கிவிட்டு ஓஎஸ் தேடாதீர்கள்

எதிர்வீட்டு அக்கா போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இது இனிமே ஆவாதாம், புதுசுதான் வாங்கணும்னு கடையில சொல்லிட்டாங்க." பெண் பிளஸ் டூ படிக்கிறாள், வீட்டுக்காரருக்கு காசிமேட்டில் வேலை. திடீரென்று லேப்டாப்புக்குப் பணம் புரட்ட எங்கே போவார்கள்?

திறந்து பார்த்தேன். இன்டெல் 7வது தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். மெஷினில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக 8வது தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஓடுகிற வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டி, கூடுதலாக 4 ஜிபி ரேம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22 என்கிற இலவச இயங்குதளம் (ஓஎஸ்). முடிந்தது. இந்த மின்டுக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

வீட்டுக்கு எந்த லினக்ஸ் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டே பெயர்தான் சொல்வேன்: மின்ட், இல்லையென்றால் டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பான டெபியன் ஸ்டேபிள். டெபியன் 1993-லிருந்து இருக்கிறது. அரசு இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பார்த்த ஞாபகம் சிலருக்கு இருக்கலாம். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான அதற்கும் அடித்தளம் டெபியன்தான். வாரத்துக்கு வாரம் புதுசு புதுசாக மாறுகிற லினக்ஸ்கள் கற்றுக்கொள்ள நல்லவை. ஆனால் நாளைக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்க வேண்டிய வீட்டில் வேண்டாம்.

ஆனால் ஓஎஸ்ஸைவிட ஹார்ட்வேரில்தான் ஏமாறுகிறோம். 2021-ல் சென்னை எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய லேப்டாப் வாங்கி, ஆசையாக டெபியன் போட்டேன். வைஃபை வரவில்லை. அந்தக் காலத்து டெபியன் இன்ஸ்டாலரில் சில சிப்களுக்கான ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் குட்டி மென்பொருள்) இருக்காது, நாம்தான் தேடிப் போட வேண்டும். (2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து அது கூடவே வருகிறது.) போட்ட பிறகும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை லைன் அறுந்தது. கடைசியில் பின்மூடியைக் கழற்றி இன்டெல் வைஃபை கார்டு மாற்றினேன். அன்றைக்கு நின்ற பிரச்சினை இன்று வரை திரும்பவில்லை.

அதனால் சொல்கிறேன், காசு கொடுக்கும் முன் மின்ட் போட்ட பென்டிரைவைச் செருகி மெஷினை அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா. நம் வடசென்னைக் கடலோரப் பக்கம் பழைய மெஷின் வாங்கினால் யூஎஸ்பி போர்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்; உப்புக்காற்று துருவேற்றியிருக்கும். கடைக்காரர் பென்டிரைவ் போட விடவில்லையா? அடுத்த கடைக்குப் போங்கள்.

புத்தம் புது மாடல் வாங்கினால் சிக்கல் குறையும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் தலைகீழ். நிலையான லினக்ஸில் கெர்னல் (ஹார்ட்வேரோடு பேசும் உள்பகுதி) கொஞ்சம் பழையது, நேற்று வந்த சிப் அதற்குத் தெரியாது. ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி மெஷின்கள்தான் என் தேர்வு. கிராபிக்ஸுக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி போதும், டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. பிரிண்டர் மட்டும் மாடல் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். மலிவான சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் படுத்தி எடுத்துவிடும். ஹெச்பி-யில் பலவும், அந்த நிறுவனமே லினக்ஸுக்குத் தரும் ஹெச்பிலிப் என்கிற டிரைவர் மூலம் ஓடிவிடும்.

டேலியில் கணக்கு போடுகிறவர்கள் விண்டோஸிலேயே இருங்கள்; அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதை மறைத்து யாருக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

அக்கா பெண் நேற்று அதில் தமிழ்99 கீபோர்டு முறையில் பிராஜெக்ட் அடித்துக்கொண்டிருந்தாள். தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் இருக்கும் போட்டோக்களை மட்டும் முன்னாடியே வேறு எங்காவது எடுத்து வைத்துவிடுங்கள்.