காரைக்குடிக்குப் புதுசா? முதல் வாரம் செட்டிநாடு சிக்கனைத் தேடாதீர்கள்

வங்கி வேலையில் மாற்றலாகி ஈரோட்டிலிருந்து காரைக்குடிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மாதம் எங்கள் கிளைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேட்டார்கள்: "சார், நல்ல செட்டிநாடு சிக்கன் எங்க கிடைக்கும்?"

நானும் அப்படித்தான் வந்து இறங்கினேன். பெரிய போர்டு வைத்த ஒரு கடையில் செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்க ஒரு கிண்ணம் வைத்தார்கள். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் வீட்டுக்கார ஆச்சியிடம் புலம்பினால், "காரம் வேணும்னா மொளகாயக் கடிச்சுக்கிட வேண்டியதுதானே தம்பி, அதுக்கு எதுக்கு ஒரு கோழி?" என்றார்.

அன்று மத்தியானம் அவர் கொடுத்தனுப்பியது வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில், புளியும் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுச் செய்வது. இதுவும் செட்டிநாட்டுச் சமையல்தான், ஆனால் வெளியூர் மெனு கார்டில் நான் பார்த்ததே இல்லை. கறிக்குழம்பிலும் மேலே நிற்பது மிளகாய் அல்ல; கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ வாசம்தான்.

முதலில் சாப்பிட வேண்டியது வெள்ளைப் பணியாரம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கடைத்தெருவில் சுற்றினால் சுடுகிற இடம் மூக்குக்கே தெரிந்துவிடும். ஒரு ஆழாக்குப் பச்சரிசி அளந்து, அதன் தலையில் கோபுரமாக உளுந்து நிற்கும் அளவு. அவ்வளவுதான் கணக்கு. ஊறவைத்து அரைத்த மாவைப் புளிக்க விடுவதில்லை. எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் நடுவில் உப்பி மேலே வரும். சிவக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். சரி, காரம் கேட்டீர்களே, அது இங்கேதான் இருக்கிறது! இனிப்புக்குக் கவுனி அரிசி. பர்மாவுக்கு வட்டித் தொழிலுக்குப் போனவர்கள் கொண்டுவந்த கறுப்பரிசி. தேன்குழலும் சீப்புச் சீடையும் பலகாரம் சுட்டு விற்கும் வீடுகளில் கிலோ கணக்கில் வாங்கலாம்.

பிள்ளையார்பட்டிக்கும் போகிற வழியில் இருக்கும் குன்றக்குடிக்கும் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

ஆத்தங்குடிக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். வீடு பார்க்க மட்டுமல்ல, தரையில் பதிக்கும் பூப்போட்ட கல் செய்வதைப் பார்க்க. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பூ வடிவ இரும்பு அச்சை வைத்து, அறை அறையாகச் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சாந்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறம் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியைப் பிரித்தெடுத்தால் தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. வாசலில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுக் காரில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கானாடுகாத்தானில் டிக்கெட் எதுவும் வேண்டாம், தெருவில் நடங்கள் போதும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள். பாதி பூட்டிக்கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் பங்காளிகள் கூடித் திறப்பார்கள்.

அப்புறம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள். எல்லோரும் சொல்வதால் நானும் சொல்கிறேன், ஆனால் எனக்கு அங்கே மனசு ஒட்டுவதில்லை. பர்மா தேக்கு நிலைக்கதவு விலை ஒட்டிச் சாய்ந்து நிற்கும். அது எந்த வீட்டிலிருந்து பெயர்த்தது என்றுதான் யோசனை ஓடும். எனாமல் தூக்குச்சட்டி ஒன்று மட்டும் வாங்கினேன். இப்போது பணியாரம் வாங்கப் போவது அதில்தான். ஆறரைக்கெல்லாம் மாவு தீர்ந்துவிடும், ஆபீஸ் முடிந்து நேராக வந்துவிடுங்கள்.