எழுத்துக்கு எண்பது ரூபாய்

(திருவல்லிக்கேணி. சலீம் பாயின் மாஸ்க் கடை வாசல். 6 அடி நீளம், 3 அடி உயரத்தில் ஒரு தகரம், ரெட் ஆக்சைடு பூசி அதன் மேல் வெள்ளை எனாமல் அடித்துக் காய்ந்து நிற்கிறது. போர்டு ஆர்டிஸ்ட் ஏகாம்பரம் சாக்பீஸ் தடவிய நூலை விண்ணென்று சுண்டிக் கோடு போடுகிறார்.)

ஏகாம்பரம்: கோடு போட்டாச்சு பாய். என்ன எழுதணும், சொல்லுங்க.

சலீம் பாய்: மாஸ்க். எழுத்துக்கு 80 ரூபா கேக்குற ஆளுகிட்ட வேற என்னத்த எழுதச் சொல்றது?

ஏகாம்பரம்: மா, ஸ், க். மூணு எழுத்து, 240 ரூபா. ஆனா போர்டுக்கு ஒரு விதி இருக்கு. தமிழ் 5 பங்கு, இங்கிலீஷ் 3, மத்த மொழி 2. தமிழ் 10 இஞ்ச் உயரம்னா இங்கிலீஷ் 6, உருது 4. நீங்க சொல்றபடி எழுதினா மேல தமிழ் எழுத்துல இங்கிலீஷ், நடுவுல இங்கிலீஷ் எழுத்துல இங்கிலீஷ்.

சலீம் பாய்: இங்கிலீஷா? அது எங்க வார்த்தைப்பா. மஸ்கரா. அரபில கேலிக்கு ஆளானவன், உருதுல கோமாளி. வெள்ளைக்காரன் வாலை வெட்டி மாஸ்க்னு ஆக்கிட்டான்.

ஏகாம்பரம்: வார்த்தைக்கு வேர் தேடுறவங்கள்ல ஒரு கட்சி அப்படித்தான் சொல்லுது. இன்னொரு கட்சி, மாஸ்கான்னா இத்தாலிப் பக்கம் சூனியக்காரின்னு சொல்லுது. ரோத்தாரின்னு இத்தாலிய ஆண்ட ஒரு லம்பார்டு ராஜா 643ல லத்தீன்ல போட்ட சட்டத்துலயே அந்த வார்த்தை இருக்கு. அப்புறம் இத்தாலிக்காரன் மாஸ்கெரான்னான், பிரெஞ்சுக்காரன் சுருக்கினான், 16ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ்காரன் வாங்கிக்கிட்டான். வழக்கு இன்னும் தீரல.

சலீம் பாய்: அப்ப இது கோமாளி கடையா, சூனியக்காரி கடையா?

ஏகாம்பரம்: தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டும்தான். கண் இமைக்குத் தடவுற மஸ்காராவும் இதே குடும்பம். வேணும்னா ஒரு ஓரமா அதையும் வச்சு வித்துக்கலாம்.

சலீம் பாய்: பன்னுல தடவுற மஸ்கா?

ஏகாம்பரம்: அது வெண்ணெய், பாரசீகத்து ஆளு. இந்தக் குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

சலீம் பாய்: சரி, சுத்தத் தமிழ்ல முகமூடின்னு எழுது.

ஏகாம்பரம்: நாலு எழுத்து, 320. நல்ல வார்த்தைதான். பாக்கு வெட்டுறது பாக்குவெட்டி, முகத்த மூடுறது முகமூடி. ஆனா உங்க பக்கத்துக் கடை என்ன?

சலீம் பாய்: சேட்டு அடகுக் கடை.

ஏகாம்பரம்: "இங்கு முகமூடி கிடைக்கும்"னு இந்த அளவுல எழுதினா சேட்டு மத்தியானமே ஷட்டர இறக்கிடுவாரு. முகமூடின்னதுமே ஜனங்க வாயில கொள்ளையன்தான் வருவான். இல்லன்னா அரசியல் மேடைல யாராவது அதைக் கிழிப்பாங்க. அந்த வார்த்தைக்கு வேலையே மறைக்கிறதுதான் பாய், காப்பாத்துறது இல்ல.

சலீம் பாய்: உருது வரில நகாப்னு, அதாவது முகத்திரைன்னு போட்டுட்டா கௌரவமா இருக்கும்ல?

ஏகாம்பரம்: அதுக்கு வேர் என்ன?

சலீம் பாய்: அரபில ந, க, ப. துளை போடுறதுன்னு அர்த்தம். நகாப்ல கண்ணுக்குத் துளை இருக்குல்ல? (குரல் இறங்குகிறது) அதே வேர்லதான் நக்பும் வருது. அதாவது திருடன் சுவத்துல போடுற ஓட்டை.

ஏகாம்பரம்: கன்னம் வைக்கிறது! பாய், தமிழ்ல முகத்துல இருக்கிறதும் கன்னம், திருடன் சுவத்துல வைக்கிறதும் கன்னம். ரெண்டு மொழியும் சேர்ந்து சேட்டு கடைக்குத்தான் வழி காட்டுது.

சலீம் பாய்: அட விடுப்பா. கொரோனாவுல கவர்மெண்டே சொன்னது முகக்கவசம். அதையே எழுது.

ஏகாம்பரம்: மு, க, க், க, வ, ச, ம். ஏழு. 560.

சலீம் பாய்: நடுவுல ஒரு க் எதுக்கு? எடுத்துட்டா 80 ரூபா மிச்சம்.

ஏகாம்பரம்: ஊர்ல பாதி போர்டுல எடுத்துத்தான் வச்சிருக்காங்க. எடுத்தா முக, கவசம்னு நடுவுல முறிஞ்சு நிக்கும். முகம் கூட மூடி சேர்ந்தா ம் பேசாம கழண்டுக்கும். கவசம் மாதிரி வல்லின எழுத்து வந்தா, ம் போற இடத்துல க் வந்து உக்காரும்.

சலீம் பாய்: வல்லினம்னா இலக்கணத்துலயே எக்ஸ்ட்ரா சார்ஜா?

ஏகாம்பரம்: அதோட இடமும் பத்தாது. 72 இஞ்ச் நீளத்துல ஏழு எழுத்து, ஒன்னுக்குப் பத்து இஞ்ச். ரெண்டு ஓரத்துலயும் எழுத்துக்கு மூச்சு முட்டும்.

சலீம் பாய்: மாஸ்க் போட்டா அப்படித்தான் இருக்கும். எழுது.

ஏகாம்பரம்: ஒரு நிமிஷம். நீங்க விக்கிறதுல எது கவசம்? கர்ணன் கவசம் போட்டான்னா அம்பு உள்ள போகக்கூடாது.

சலீம் பாய்: 50 அடங்கின பெட்டி இருக்குல்ல, மூணு அடுக்கு. நடு அடுக்குதான் உயிர். மெல்ட்ப்ளோன்னு பேரு. அதுல மின்னூட்டம் ஏத்தியிருப்பான், தூசிய அதுதான் இழுத்துப் பிடிக்கும். சோப்புத் தண்ணில போட்டா மின்னூட்டம் போயிடும். காய வச்சு மாட்டுனா வெறும் துணி. நம்ம ஜனங்க துவைச்சுக் கொடில போட்டுட்டு "பாய், புதுசு மாதிரியே இருக்கு"ம்பாங்க.

ஏகாம்பரம்: ஓரத்துல இடைவெளி?

சலீம் பாய்: இருக்கும். இந்த மாஸ்க் முக்கியமா நம்ம எச்சி எதிர்ல இருக்கிறவன் மேல தெறிக்காம இருக்கத்தான்.

ஏகாம்பரம்: அப்ப அது முகக்கவசம் இல்ல பாய், எதிராளிக் கவசம். அம்பு விடுறவனுக்கே கவசம் மாட்டி விடுறீங்க.

சலீம் பாய்: என்95 இருக்கே! 0.3 மைக்ரான் தூள்ல நூத்துக்கு 95 பிடிக்கும். என்னுன்னா எண்ணெய்ப் புகைக்குத் தாங்காதுன்னு அர்த்தம். அதை இங்கிலீஷ்ல மாஸ்க்னே சொல்லக்கூடாது, ரெஸ்பிரேட்டர்ங்கணும். மூக்குக் கம்பிய ரெண்டு விரலால அமுக்கி, சுத்தி ஒட்டுனாத்தான் கவசம். தாடி இருந்தா காத்து சைடுல போயிடும்.

ஏகாம்பரம்: (அவர் தாடியைப் பார்க்கிறார்.)

சலீம் பாய்: நான் விக்கிறவன்பா.

ஏகாம்பரம்: ஆக கடைல முக்கால்வாசி சரக்குக்குக் கவசம்னு எழுதினா, 560 ரூபாய்க்கு நான் பொய் எழுதணும்.

சலீம் பாய்: வேற நல்ல வார்த்தை இல்லையா?

ஏகாம்பரம்: முகபடாம். அஞ்சு எழுத்து, 400. ரொம்பப் பழசு. குறள்லயே கட்படாம்னு, அதாவது கண்ண மறைக்கிற துணின்னு வருது, 1087. ஆனா யானைக்குக் கட்டுறது.

சலீம் பாய்: யானைக்கு எக்ஸ்ட்ரா லார்ஜ் வேணுமே.

ஏகாம்பரம்: முக்காடுன்னு ஒன்னு இருக்கு. ஆனா அது தலைக்கு. நனைஞ்சப்புறம் போடுறதுக்குப் பேர் போனது. லத்தீன்ல போனா லார்வா. பேய், முகமூடி, ரெண்டுக்கும் அதான் பேரு. பூச்சியோட நிஜ உருவம் புழுவுக்குள்ள முகமூடி போட்டு ஒளிஞ்சிருக்குன்னு, உயிரினங்களுக்குப் பேர் வச்ச லின்னேயஸ் அந்தப் பேரைத் தூக்கிப் புழுவுக்கு வச்சிட்டாரு.

சலீம் பாய்: மூணெழுத்து! 240!

ஏகாம்பரம்: எழுதறேன். நாளைக்குக் கொசு ஒழிப்புக்கு வர்ற கார்ப்பரேஷன் ஆளு "கடைல லார்வா இருக்கா"ன்னு கேப்பாரு. மூணு பெட்டி இருக்குன்னு சொல்லிடாதீங்க.

சலீம் பாய்: (தலையில் கை வைத்து) மனுஷன்னு ஒருத்தனுக்கு ஒரு போர்டு எழுத இவ்வளவா?

ஏகாம்பரம்: மனுஷன்னதும் ஞாபகம் வருது. இங்கிலீஷ்ல பர்சன்ங்கிறாங்கல்ல, அது லத்தீன்ல பெர்சோனா. நாடகக்காரன் போடுற முகமூடி. "10 பர்சன்"னு ஷேர் ஆட்டோக்காரர் சொன்னா, ஏறினது பத்து முகமூடி.

சலீம் பாய்: போதும்பா! பேரை அப்புறம் பாத்துக்கலாம். கீழ அட்ரஸ எழுது. "கோஷா ஆஸ்பத்திரி அருகில்".

ஏகாம்பரம்: சின்ன எழுத்து, பாதி ரேட்டு. 12 எழுத்து, 480. (பிரஷ்ஷை எனாமலில் தோய்க்கிறார்.) பாய், இந்தக் கோஷான்னா என்ன? கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரின்னு பேர் மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆட்டோக்காரருக்கு இன்னும் கோஷாதான்.

சலீம் பாய்: பாரசீகத்துல மூலைன்னு அர்த்தம். மூலைல ஒதுங்கி, வெளியாளு கண்ணுல படாம திரைக்குள்ள இருந்த பொம்பளைங்க இருந்தாங்கல்ல? ஆம்பள டாக்டர்கிட்ட வர மாட்டாங்க. அவங்களுக்குன்னு 1885ல ஆரம்பிச்சது. (நிறுத்துகிறார்.) அப்ப பர்தா என் அட்ரஸ்லயே இருக்கா?

ஏகாம்பரம்: இருக்கு. பாதி ரேட்டுல.

சலீம் பாய்: அப்ப மேல எதுவும் எழுதாத. அட்ரஸ எழுது, மேல காலியா இருக்கிற இடத்துல மாஸ்க் படம் ஒன்னு வரைஞ்சிடு. எழுத்தே இல்ல, காசும் இல்ல.

ஏகாம்பரம்: படத்துக்கு எழுத்துக் கணக்கு கிடையாது பாய். சதுர அடிக் கணக்கு.