சித்திலெப்பை தனி ஆள் இல்லை

ஜூன் மாதம் வந்தால், இலங்கை முஸ்லிம்களின் கல்விக்காக உழைத்த அறிஞர் சித்திலெப்பையின் படம் முகநூலில் சுற்றத் தொடங்கிவிடும். பிறந்த தினப் பதிவுகள். அடியில் எப்படியும் ஒருவர் கேட்டிருப்பார்: "இப்படி ஒரு தலைவர் நம் சமூகத்துக்கு மறுபடி எப்போது வருவார்?" அதற்குக் கீழே வரிசையாக ஆமீன்கள்.

அந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். இறங்கி வேலை செய்ய வேண்டிய வயதில், யாரோ ஒருவர் வந்து இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், சித்திலெப்பை அப்படித் தனியாக வந்து எதையும் தூக்கி நிறுத்தியவர் இல்லை என்பதுதான்.

1838இல் கண்டியில் பிறந்தவர், சட்டத்தரணி, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று பயந்து, பாடசாலைப் பக்கமே பிள்ளைகளை விடாமல் இருந்த காலம் அது. அந்தப் பயத்துக்கு எதிராக அவர் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் எழுத்து மட்டும் பாடசாலை ஆகாது. அதற்குக் காணி வேண்டும், கட்டடம் வேண்டும், மாதாமாதம் சம்பளம் வேண்டும், தயங்கி நிற்கும் ஊர்ப் பெரியவர்களைச் சம்மதிக்க வைக்க ஒரு முகம் வேண்டும்.

அந்த முகம் எகிப்திலிருந்து வந்தது. பிரித்தானியருக்கு எதிராகப் போராடித் தோற்று, 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த ஒராபி பாஷா. அவர் சொன்னால் ஆங்கிலக் கல்வியை ஹராம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. வெள்ளைக்காரனோடு யுத்தம் செய்தவர் அல்லவா! கட்டட வேலைக்கு வாப்பிச்சி மரிக்கார் இருந்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய கொந்தராத்துக்காரர் அவர்தான். எழுதத் தெரிந்த சட்டத்தரணி, நாடுகடத்தப்பட்ட படைத்தளபதி, கட்டத் தெரிந்த கொந்தராத்துக்காரர். இப்படிப்பட்டவர்கள் சேர்ந்ததில் 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்ததுதான் ஸாஹிரா கல்லூரி. இவர்களுக்குப் பின்னால் பணம் கொடுத்த வியாபாரிகள் எத்தனை பேர் என்று இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்த முன்வந்தவர்களையும் நாம் மறந்துவிட்டோம். ஒரு படத்தை மட்டும் பிரேம் போட்டு வைத்துக்கொண்டோம்.

ஏ.எம்.ஏ. அஸீஸின் கதையும் இதே மாதிரிதான். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். இரண்டாம் உலக யுத்த நேரத்தில், 1942இல், கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெட்டிக்காரப் பிள்ளைகள் வசதி இல்லாமல் படிப்பை விடுவதைப் பார்த்தார். அவர் இருந்த பதவிக்கு நாலைந்து பிள்ளைகளைச் சொந்தக் காசில் படிக்க வைத்துவிட்டு, வள்ளல் என்று பெயர் எடுத்துப் போயிருக்கலாம். அவர் ஊர்க்காரர்களைச் சேர்த்துக் கல்விச் சங்கம் அமைத்தார். 1945இல் நாடு முழுவதற்குமாகப் புலமைப்பரிசில் நிதியம் ஒன்று உருவாகக் காரணமாக இருந்தார். 1950இல் ஊருக்கு ஊர் தனித்தனியாக இருந்த வாலிபர் சங்கங்களை இணைத்து அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. (முஸ்லிம் வாலிபர் சங்கங்கள்) பேரவையைத் தொடங்கினார். அவர் மௌத்தானது 1973இல். பேரவை இன்றும் இருக்கிறது. ஆள் போனபிறகும் வேலை நின்றுவிடாதபடி செய்துவைத்ததுதான் அவருடைய கெட்டித்தனம் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது நம் கதைக்கு வருவோம்.

நம் ஊர்களில் வாலிபர் அமைப்பு எப்படித் தொடங்குகிறது? முதலில் ஒரு வாட்ஸ்அப் குழுமம். அப்புறம் லோகோ. அப்புறம் டீசேர்ட். தலைவர், செயலாளர், பொருளாளர், உபதலைவர்கள், ஆலோசகர்கள் என்று பட்டியல் போட்டால், ஆலோசகர்கள்தான் அங்கத்தவர்களைவிட அதிகம். முதல் நோன்புக்கு உலர் உணவுப் பொதி கொடுப்பார்கள், படம் போடுவார்கள். இரண்டாவது வருடம் தலைவருக்கும் செயலாளருக்கும் கோபம். மூன்றாவது வருடம் அதே ஊரில் இரண்டு அமைப்பு, இரண்டு லோகோ. எங்கள் ஊரில் மட்டும் நடக்கிறது என்று நினைத்திருந்தேன். மற்ற ஊர் நண்பர்களிடம் சொன்னால், "எங்க ஊருக்கு எப்ப வந்தீங்க?" என்று கேட்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சேர்ந்து வேலை செய்யத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியபோது பள்ளிவாசல்களில் இரவு பகலாகச் சமைத்தார்கள். படகில் போய் வீடு வீடாகக் கொடுத்தார்கள், இன்ன சாதி, இன்ன மதம் என்று பார்க்கவில்லை. கொரோனா நேரத்தில் அடக்கம் செய்ய விடாமல் ஜனாஸாக்களை (இறந்தவர்களின் உடல்களை) எரித்தார்களே, அந்த வேதனையிலும் வழக்குப் போட்டவர்கள், ஆவணம் திரட்டியவர்கள், கொழும்பு கனத்தை மயான வாசலில் வெள்ளைத் துணி கட்டியவர்கள் என்று பலர் பல பக்கத்திலிருந்து வேலை செய்தார்கள். அவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் நிறையப் பேர். கடைசியில் 2021 மார்ச்சில் கிழக்கில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியபோது, நாட்டின் எந்த மூலையிலிருந்து மையித் வந்தாலும் இறக்கி வைக்க அந்த ஊர் வாலிபர்கள் நின்றார்கள்.

ஆபத்து வந்தால் சேர்ந்துவிடுகிறோம். தண்ணீர் வடிந்ததும் கலைந்துவிடுகிறோம். ஆனால் சீர்திருத்தம் என்பது தண்ணீர் வடிந்தபிறகு செய்கிற வேலை. அதில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. அதே மூன்று பேரின் வீட்டுக்கு மறுபடி மறுபடி போக வேண்டும், அதே கடிதத்தை மறுபடி எழுத வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம், கசப்பான உதாரணமும்கூட, விவாகச் சட்டம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக்கூட, காதி (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி) அனுமதித்தால் சரி. மணமகளின் கையொப்பம் தேவையில்லை. பெண்கள் காதியாக வர முடியாது. இதைத் திருத்துவதற்கு 2009இல் உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது 2018 ஜனவரியில். அதுவும் ஒரே அறிக்கையாக இல்லை, குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு விதமான பரிந்துரைகளைக் கொடுத்தது. குழு அமைத்த வருடம் பதினாறு வயதாக இருந்த பெண்பிள்ளைக்கு அறிக்கை வரும்போது இருபத்தைந்து.

பெரியவர்கள் பிரிந்ததை விடுங்கள். அந்தக் காலம் முழுக்க நம் வாலிபர்கள் என்ன செய்தார்கள்? முகநூலில் ஒரு பக்கம் "ஷரீஆவில் கைவைக்காதே", மறுபக்கம் "பிற்போக்குவாதிகளே". இரண்டு பக்கத்திலும் சட்டத்தை ஒருமுறையாவது எடுத்து வாசித்தவர்கள் குறைவு. எந்தப் பிரிவு குர்ஆன், ஹதீஸிலிருந்து வந்தது, எது அந்தக் கால வழக்கத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க ஒரு மௌலவி, ஒரு சட்ட மாணவி, காதி நீதிமன்றப் படியேறிய ஒரு தாய், மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்த இடங்கள் எத்தனை? உண்மையில் உழைத்தவர்கள் பெண்கள்தான். புத்தளத்திலும் கிழக்கிலும் பெண்கள் அமைப்புகள், காதி நீதிமன்றம் போன பெண்களைத் தேடிப்போய்ப் பேசி, அவர்கள் பட்டதை எல்லாம் எழுதி ஆவணமாக்கின. அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஏச்சு. "வெளிநாட்டுக் காசு" என்ற ஒரே சொல்லில் அத்தனை உழைப்பையும் ஒதுக்கித் தள்ளியவர்கள் பலர் என் நண்பர் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

இதை எழுதினால் உடனே, "அப்போ உலமாக்களை (மார்க்க அறிஞர்களை) ஓரம் கட்டச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. அவர்கள் இல்லாமல் இங்கே எதுவும் நகராது, நகரவும் கூடாது. ஆனால் ஆலிம் ஒருவர் குழுவில் இருப்பது வேறு, குழுவே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பது வேறு. குர்ஆனில் ஷூறா (கலந்தாலோசனை) என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தம் காரியங்களைத் தமக்குள் கலந்தாலோசித்துச் செய்பவர்கள் என்றுதான் முஃமின்களை (இறைநம்பிக்கையாளர்களை) அது சொல்கிறது (42:38). கலந்தாலோசனை என்றால் மாற்றுக் கருத்தும் அந்த இடத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினால் அது ஆலோசனை இல்லை, பயான் (மார்க்கப் பேச்சு).

ஒருவர் வாயை மட்டும் பார்க்கும் கூட்டம் எங்கே போய் முடியும் என்பதை 2019 ஏப்ரல் 21இல், ஸஹ்ரான் கூட்டம் நடத்திய உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களில் பார்த்தோம். அந்த ஸஹ்ரானை எதிர்த்து, அவன் போக்கு ஆபத்தானது என்று காத்தான்குடி மக்களே 2017இல் தெருவில் இறங்கினார்கள், முறைப்பாடு செய்தார்கள். ஆனால் அவனைச் சுற்றியிருந்த வட்டத்துக்குள் "இது பிழை" என்று சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகு நம் பிள்ளைகள் நாலு பேர் ஓர் இடத்தில் கூடினாலே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "எந்த அமைப்பும் வேணாம் மகன், படிச்சமா வேலைக்குப் போனமா என்று இரு" என்று உம்மாமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நான் அறிந்த ஒரே மருந்து எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைப்பதுதான். கூட்டக் குறிப்பு எழுதுங்கள். கணக்கைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். பக்கத்து விகாரையின் இளைஞர் சங்கத்தோடும் கோயில் சங்கத்தோடும் ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள்.

அதற்கு மார்க்கத்தில் இடமா என்று கேட்கும் தம்பிமார் ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையைப் படிக்க வேண்டும். யெமன் தேசத்து வியாபாரி ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் ஏமாற்றினான் மக்கத்துப் பெரும்புள்ளி ஒருவன். அநீதி இழைக்கப்பட்டவன் யாராக இருந்தாலும் அவன் பக்கம் நிற்போம் என்று மக்காவின் சில கோத்திரத்தார் ஒரு வீட்டில் கூடி உறுதி எடுத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இளைஞராக அதில் கலந்துகொண்டார்கள். நுபுவ்வத் (நபித்துவம்) கிடைக்க முன்பு நடந்தது இது. பிற்காலத்தில், இஸ்லாத்திலும் அப்படி ஓர் உடன்படிக்கைக்கு அழைத்தால் வருவேன் என்று சொன்னார்கள். அங்கே கூடியவர்களிடம் கொள்கை ஒற்றுமை இருந்ததா? ஒரு விஷயத்தில் மட்டும் இருந்தது, அது போதுமாக இருந்தது.

நம்மால் தவ்ஹீத், தப்லீக், தரீக்கா, ஜமாஅத் என்ற இயக்க வேலியைத் தாண்டிச் சீதனத்துக்கு எதிராகக்கூடச் சேர முடியவில்லை. சீதனம் கூடாது என்று நான்கு தரப்பும் தனித்தனியே பயான் செய்கிறது. நான்கு தரப்பின் மாப்பிள்ளைகளும் வீடு கேட்கிறார்கள். கிழக்கில் வாப்பாவும் காக்காமாரும் (அண்ணன்மாரும்) மகள் வீட்டுக்குக் கூரை போடவே அரை ஆயுளை மத்திய கிழக்கில் கழிக்கிறார்கள். ஓர் ஊரில் திருமண வயதில் இருக்கும் இருபது பையன்கள், இயக்க வித்தியாசம் பார்க்காமல், "நாங்கள் வாங்க மாட்டோம்" என்று பெற்றோரிடம் ஒன்றாகப் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குப் பார்க்க ஆசை. தனியாகச் சொல்லும் பையனை உம்மா அழுதே மடக்கிவிடுவார். அதைப் பல வீடுகளில் பார்த்தாயிற்று.

புதிதாக அமைப்புத் தொடங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள், தயவுசெய்து தொடங்காதீர்கள். ஊரில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் நலன்புரிச் சங்கத்தில் போய்ச் சேருங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பற்றிப் பதிவு போடுவதைவிட ஜமாஅத் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். 1956ஆம் ஆண்டின் வக்பு (அறக்கொடைச் சொத்து) சட்டம் பள்ளிவாசல்களுக்கு இன்னும் நடைமுறையில் இருக்கிறது, பள்ளிவாசல் பொறுப்பாளர்களான நம்பிக்கையாளர்கள் வக்பு சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள். மரியாதையாகக் கேட்டால் பல ஊர்களில் காட்டுவார்கள். கணக்கு எழுத ஆள் இல்லாமல் திண்டாடுவதும் அவர்கள்தான். கணக்கியல் படிக்கும் தங்கச்சிமார் எத்தனை பேர் நம் ஊரில் சும்மா இருக்கிறார்கள்! அவர்களைக் கேட்டோமா? பல்கலைக்கழகத்துக்கு ஆண்களைவிட அதிகமாகப் போகிற நம் பெண்பிள்ளைகளை, அமைப்பு என்று வந்ததும் 'மகளிர் அணி' என்று ஒதுக்கிச் சிற்றுண்டிக்குப் பொறுப்பாக்குகிறோம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பையன்களைச் சொல்வேன். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் மாதங்களில்தான் ஒருவன் மாமாவின் கடைக்குப் போகிறான், இன்னொருவன் ஐஸ் போதைப்பொருள் விற்பவன் கையில் மாட்டுகிறான். கணிதத்தில் மட்டும் தவறியவனுக்கு மறுபடி எழுதலாம் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது. ஒரு மஹல்லாவில் (பள்ளிவாசல் வட்டாரத்தில்) அப்படி முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். பெயர், தொலைபேசி இலக்கம், என்ன பாடம், வீட்டு நிலைமை என்று ஒரு கொப்பியில் எழுதிவிடலாம். ஏஎல் (உயர்தரம்) முடித்த பெண்பிள்ளைகள் நாலு பேர் கணிதம் சொல்லிக்கொடுக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் எப்போது விண்ணப்பம் எடுக்கிறார்கள் என்று ஒருவர் விசாரித்து வைக்கலாம். பஸ் காசு இல்லாதவனுக்கு ஸகாத் நிதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று இன்னொருவர் பள்ளியில் கேட்கலாம். நோன்பு இருபத்தேழில் பணக்கார வீட்டு வாசலில் ஏழைகளை வரிசையில் நிறுத்தி நூறு ரூபாய் கொடுப்பதைவிட அந்தக் காசு இங்கே நன்றாகச் செலவாகும்.

இதற்கு லோகோ வேண்டாம், தலைவரும் வேண்டாம். பட்டியலை யார் வைத்திருப்பது, அவர் வெளிநாடு போனால் யார் கையில் கொடுப்பது, இந்த இரண்டையும் முதல் நாளே பேசி முடிவெடுத்தால் போதும். இந்த முறை பெறுபேறு வருவதற்கு முன்பே கொப்பி எழுதி முடித்திருக்க வேண்டும்.