லிமிட் என்பது சம்பளம் இல்லை

நேற்று ராத்திரி முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருத்தி போன் செய்தாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அரைமணி நேரம் எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். "கிரெடிட் கார்டுல கொஞ்சம் பாக்கி இருக்குக்கா. ரெண்டு கார்டுதான். ஆனா ஒரு மாசம்கூட தவறினதில்ல, மினிமம் டியூ கரெக்டா கட்டிட்டுதான் வர்றேன்."

மினிமம் டியூ என்றால் அந்த மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை. அவள் குரலில் இருந்த அந்த நிம்மதியைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே வார்த்தையைச் சொல்லித்தான் நான்கு வருஷம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தவறாமல் கட்டுகிறேன், ஆகவே நான் ஒழுங்கானவள். கட்டுகிற பணம் கடனைக் குறைக்கிறதா என்று ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

அதனால் கணக்கை இங்கே போடுகிறேன். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பாக்கி ஒரு லட்சம், வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க 3 என்பது சின்ன எண்தான். மாதாமாதம் வட்டிக்கு வட்டி ஏறினால் வருஷத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். மினிமம் என்பது வட்டியும் சேர்ந்த பாக்கியில் 5 சதவீதம் என்று கொள்வோம். முதல் மாதம் 5,150 கட்டவேண்டி வரும். அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். கார்டில் புதிதாக எதுவுமே வாங்காமல், ஒரு மாதமும் தவறாமல் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே வந்தால் 32 மாதத்தில் கிட்டத்தட்ட 1,20,000 கட்டியிருப்பீர்கள். அப்போதும் பாதிக் கடன் அப்படியே நிற்கும்.

இதைவிட என்னை உலுக்கியது அடுத்த கணக்கு. பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைந்துகொண்டே வரும். நமக்கோ அது பெரிய சலுகையாகத் தெரியும். அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ளாமல், முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐ மாதாமாதம் மாற்றாமல் கட்டினால் 30 மாதத்தில் மொத்தக் கடனும் முடிந்துவிடும். கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை 1,52,000 அளவில்தான். ஒரு வழியில் 30 மாதத்தில் விடுதலை, இன்னொரு வழியில் 32 மாதம் ஆனபின்னும் பாதிக் கடன். எனக்கு இது தெரிய நான்கு வருஷம் ஆயிற்று. இதை யாராவது முதல் மாதமே சொல்லியிருக்கக்கூடாதா என்ற ஆற்றாமை இன்றுவரை தீரவில்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. வாங்கிய பொருளுக்கு வட்டியில்லாமல் சில வாரம் அவகாசம் உண்டு அல்லவா, பில்லை முழுசாகக் கட்டுகிறவர்களுக்குத்தான் பொதுவாக அது கிடைக்கும். பாக்கி வைத்துவிட்டால் பெரும்பாலான கார்டுகளில் அந்த அவகாசம் போய்விடும். புதிதாக வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் கட்டணமும் உண்டு, அன்றிலிருந்தே வட்டியும் உண்டு.

ஆனால் வட்டி தெரியாததால் மட்டும் நான் மாட்டிக்கொள்ளவில்லை. இவ்வளவு வரை கடன் வாங்கலாம் என்று பேங்க் கார்டுக்கு வைக்கும் லிமிட்டை என் பணம் என்று நினைத்தேன். என் சிக்கலின் வேர் அதுதான். ஏதாவது வாங்க ஆசைப்பட்டால் பேங்க் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, கார்டில் இன்னும் எவ்வளவு மீதி என்று பார்க்க ஆரம்பித்தேன். எந்த மாதத்திலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை. லிமிட்டை உயர்த்தியிருக்கிறோம், வாழ்த்துகள் என்று செய்தி வந்த அன்று, சம்பள உயர்வு வந்தது போலவே சந்தோஷப்பட்டேன். உயர்ந்தது நான் படக்கூடிய கடனின் அளவு. அதற்கு எதற்கு வாழ்த்து?

கேட்காமலே கடன் கைக்கு வருவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் யாரும் விண்ணப்பிக்காமலே சுமார் 60,000 பேருக்குத் தபாலில் கார்டு அனுப்பியது. இன்று போனுக்கு வருகிற செய்தியும் அந்தத் தபாலின் வாரிசுதான்.

நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனசு ஒரு நொடி தயங்கும். கார்டைத் தேய்க்கும்போது அந்தத் தயக்கம் வருவதில்லை. டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஒரு கூடைப்பந்துப் போட்டியின் டிக்கெட்டை மாணவர்களிடையே ஏலம் விட்டுப் பார்த்தார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகத்தான் தரவேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கேட்டார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. படித்தபோது என் பழைய பில்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. விரலே போதாதவர்கள் இருக்கிறார்கள். திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, வேலை போன மூன்று மாதம், பிள்ளையின் ஃபீஸ். வேறு வழியில்லாமல் கார்டை நீட்டியவரிடம் போய்ச் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை. அவர்களுக்கு வருமானம் போதவில்லை, அவ்வளவுதான். என் கதை அது இல்லை. எனக்குப் போதுமான சம்பளம் வந்தது. அடுத்த வருஷம் சம்பளம் ஏறும், அப்போது அடைத்துக்கொள்ளலாம் என்று, வராத பணத்தை முன்கூட்டியே செலவழித்தேன்.

கார்டே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு அது வசதியான பொருள். எனக்கும் இப்போது ஒரு கார்டு இருக்கிறது.

நான் வெளியே வந்த வழி அவ்வளவு நேரானது இல்லை. முதலில் குறைந்த வட்டிக்கு பர்சனல் லோன் எடுத்து கார்டை அடைத்தேன். சரியான யோசனைதான். ஆனால் அடைத்த கார்டை மூடவில்லை. ஆறே மாதத்தில் அது மறுபடி நிறைந்து, லோன் ஒருபக்கம், கார்டு ஒருபக்கம் என்று ஆனது. அதற்குப் பிறகுதான் எல்லா ஆப்பிலிருந்தும் கார்டு நம்பரை அழித்தேன். வட்டி அதிகமான கடனுக்கு முதலில் என்று ஒரு நிலையான தொகையை, சம்பளம் வந்த அன்றைக்கே கட்டினேன்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டிய ஒன்று இருந்தது. அதைச் செய்யத்தான் எனக்கு மிக நீண்ட நாள் பிடித்தது. மொத்தக் கடன் எவ்வளவு என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வது. தனித்தனி ஸ்டேட்மென்ட்டாக இருந்தவரை என்னால் தாங்க முடிந்தது. கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் அது உண்மையாகிவிடும் என்று பயம். அன்று ராத்திரி ஒரு தாளில் எழுதிக் கூட்டி அவர் முன்னால் வைத்தேன். அவர் திட்டவில்லை. "இத்தனை நாளா தனியாவா சுமந்தே?" என்றார். அப்போதுதான் அழுதேன்.

நேற்று அவளிடமும் அதைத்தான் கேட்டேன். மொத்தம் எவ்வளவு?

"தெரியலக்கா."

"சரி. நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வா. ரெண்டு ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துட்டு வா, சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"நாலுக்கா."